சவத்த விடு

...சவம் என்றால் பிணம், பிணம் என்றால் யாரோ செத்திருக்க வேண்டும், தானாகச் சாகவில்லையென்றால் கொலை, கொன்று ஆற்றில் போடச் சொன்னால் தூண்டுதல், தூண்டுதல் என்றால் உரிமம் ரத்து, அப்புறம் போலீஸ், அப்புறம் கோர்ட்டு, எவ்வளவு அழகாகக் கோத்துவிட்டார்கள், ஓர் இடத்தில்கூட நூல் அறுந்து தொங்கவில்லை, தில்லிக் கண்காணிப்பு மையத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மொழிபெயர்ப்பாளரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, அகராதியைப் புரட்டினால் சவம் என்றால் பிணம்தான், அவர் வேறு என்னத்தை எழுதுவார்... ஹெப்சிபா இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் தோளில் இன்னொரு பொன்னாடை வந்து விழுந்தது. ஜரிகை கழுத்தை அறுத்தது. போர்த்தியவர் யாரென்று பார்க்குமுன் அவர் கேமராப் பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். பொன்னாடை போர்த்துகிற எவரும் போர்த்தப்படுகிறவளைப் பார்ப்பதில்லை, துணி காயப்போடுகிற கொடியைப் பார்க்கிற அளவுக்குக்கூடப் பார்ப்பதில்லை. பாளையங்கோட்டை மண்ணின் மகள், ஒளிபரப்பு ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவர், இந்தத் தேசத்தில் எந்தத் தொலைக்காட்சி பேசலாம், எது வாயை மூட வேண்டும் என்று தீர்மானிக்கிற ஒரே தமிழச்சி என்று அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்தினார். எது வாயை மூட வேண்டும் என்று... அதைச் சொல்லும்போது கூட்டம் கைதட்டியது. எதற்குக் கைதட்டுகிறோம் என்று தெரிந்துதான் தட்டுகிறார்களா? மேடையில் அவளுக்குப் போட்டிருந்தது மாப்பிள்ளை பெண்ணை உட்காரவைக்கிற சிவப்பு வெல்வெட்டு நாற்காலி, எந்தக் கல்யாணத்திலோ சிந்திய ரோஸ்மில்க் கைப்பிடியில் இன்னும் பிசுபிசுத்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், துடைக்க ஒன்றும் இல்லை, பொன்னாடைகளைத் தவிர.

மண்டபம் அப்பாத்துரை அண்ணாச்சியுடையது. ஆற்றங்கரையில் அவருக்கு இப்படி மண்டபங்கள் வரிசையாக உண்டு, இன்றைய விழாவின் செலவு முழுக்க அவருடையது, ஏற்பாடு முழுக்க அவருடைய மேனேஜருடையது, மேனேஜர் வேறு யாருமில்லை, அவளுடைய தம்பி எபி. போனில் எபி என்ன சொன்னான்? “ஊரே சேந்து செய்யுதுக்கா, நீ மாட்டேன்னு மட்டும் சொல்லிராத.” ஊர்! எபிக்கு ஊர் என்றால் அப்பாத்துரை. அது தெரியாமலா விமானம் ஏறினாள்? தெரிந்துதான் ஏறினாள், தெரியாததுபோல் ஏறினாள், தெரியாததுபோல் இருப்பதற்குத்தானே அவளுக்கு இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். இதோ முன்வரிசையில் எபி, புதுச் சட்டை, மடிப்புக் கலையாமல், அவள் பக்கம் பார்க்கும்போதெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறான். பின்கட்டில் பிரியாணி தம்மில் இருந்தது. அந்த வாசனையையும் தாண்டிக்கொண்டு வருகிறதே, அது என்ன? மேடைக்கு நேர் பின்னால்தான் மண்டபத்துக் கழிவெல்லாம் ஒரு குழாய் வழியாகத் தாமிரபரணிக்குள் இறங்குகிறது, கை கழுவின தண்ணீர், எச்சில், எண்ணெய், கக்கூஸ், எல்லாம். குருவானவர் கண்ணை மூடி, இந்த ஊருக்கு நீர் தந்த வற்றாத நதிக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று ஆரம்ப ஜெபம் பண்ணினார், கண்ணோடு மூக்கையும் மூடிக்கொண்டிருப்பாரோ என்னவோ, முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. ஹெப்சிபாவுக்குக் குமட்டியது. கைக்குட்டையால் மூக்கை ஒற்றினாள், உணர்ச்சிவசப்பட்டுக் கண்ணைத் துடைக்கிறாள் என்று நினைத்து யாரோ ஒரு அம்மா முன்வரிசையில் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் குழாயைப் பற்றித்தான் காஜா முகைதீன் பேசினான். ‘பொருநை விஷன்’ என்று ஒரு சின்ன கேபிள் சேனல், அதில் காலையில் ‘வாங்கவே, பேசுவோம்’ என்று ஒரு நிகழ்ச்சி, ஊர்க்காரர்கள் போன் போட்டுத் தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்று புலம்புவார்கள், காஜா கேலியும் கிண்டலுமாகப் பதில் சொல்வான். ஒருநாள் ஒரு பெண் போன் போட்டாள், ஆற்றில் குளித்தால் உடம்பெல்லாம் அரித்து ஊறல் எடுக்கிறது, புகார் சொன்னதற்கு அதிகாரி வந்து பார்த்துவிட்டு, சாக்கடையை நிறுத்தாமல், படித்துறையில் ‘இங்கே குளிக்கக் கூடாது’ என்று ஒரு தகரப் பலகையை நட்டுவிட்டுப் போய்விட்டார் என்று. காஜா சொன்னான், அந்த ஒலிப்பதிவை அவளே தில்லியில் கேட்டாள், திரும்பத் திரும்பக் கேட்டாள், “சாக்கடைய நிறுத்தமாட்டாராம், நாம குளிக்கதத்தான் நிறுத்துவாராம்! அந்தச் சவத்தத் தூக்கி ஆத்துல போடுங்கவே!” பலகையை. அந்தக் கண்றாவிப் பலகையைப் பிடுங்கி எறியுங்கள் என்கிறான், வேறென்ன? ஆனால் கோப்பில் என்ன இருந்தது? அந்த அதிகாரியின் பிணத்தைத் தூக்கி ஆற்றில் போடுமாறு பொதுமக்களைத் தூண்டினார். புகார் கொடுத்தவர் அப்பாத்துரை, பொறுப்புள்ள குடிமகன் என்ற முறையில், அந்தச் சொல்லைக் கேட்டு நெஞ்சு பதறியதாக எழுதியிருந்தார், கீழே சுழித்துச் சுழித்து ஒரு கையெழுத்து. புகார் மேலே போகப் போகக் காஜா முகைதீன் என்ற பெயரைப் படித்த ஒவ்வொரு மேஜையிலும் கோப்புக்குக் கால் முளைத்தது, யாரும் பெயரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, எழுதமாட்டார்கள், வேகமாகத் தள்ளிவிட மட்டும் செய்வார்கள். விளக்கம் கேட்டு ஆங்கிலத்தில் நோட்டீஸ் போனது. பதில் வந்தது, எங்கள் சேனலில் எந்தச் சாவுச் செய்தியும் போடவில்லை, எந்தப் பிணத்தையும் காட்டவில்லை, வேறு சேனலோடு குழப்பிக்கொண்டீர்கள் போலும் என்று. தில்லியில் அதற்கு ஓரத்தில் எழுதினார்கள்: மழுப்பல். அந்தப் பதிலைப் படித்தபோது ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது, எதிரே துணைச் செயலாளர் மல்ஹோத்ரா உட்கார்ந்திருந்ததால் இருமி வைத்தாள். மழுப்பலா அது? அவர்களுக்குப் புரியவே இல்லை. டெட் பாடி என்று நோட்டீஸில் படித்துவிட்டு, எந்த டெட் பாடி என்று ஊரெல்லாம் தேடியிருக்கிறார்கள், சவம் என்ற சொல்லில் ஒரு பிணம் கிடக்கிறது என்று இந்த ஊரில் எவனுக்குத்தான் தோன்றும்?

அவள் வீட்டில் நாள் முழுக்க அந்தச் சொல்தான். பால் பொங்கினால் சவம் பொங்கிட்டு, மின்சாரம் போனால் சவம் போயிட்டு, பேருந்து வராவிட்டால் சவத்தக் காணுமே, எபி பரீட்சையில் கோட்டைவிட்டால் சவத்துப் பய, கோபம் தணிந்தால் அதே சொல்லில் ஒரு கொஞ்சல், சவமே, சாப்பிட வாயேண்டி என்று அம்மா. அப்பா பாக்கியசீலன் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், வகுப்பில் வெண்பா மாதிரித் தமிழ் பேசுவார், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் முதல் வார்த்தை, சவத்து வெயிலு. அதே அப்பா இறந்தபோது? சரீரத்தை எப்போது எடுக்கிறார்கள் என்றுதான் வந்தவர்கள் கேட்டார்கள், ஒருவர் வாயிலாவது அந்தச் சொல் வந்ததா? வராது. காஜா வீட்டில் என்றால் மய்யித்து என்பார்கள். செத்தவர்களுக்கு அவரவர் வீட்டில் மரியாதையாக ஒவ்வொரு சொல் இருக்கிறது, சவம் என்பது உயிரோடு இருந்து உயிரை வாங்குகிறவற்றுக்கு மட்டும்தான். இதைக் கோப்பில் எப்படி எழுதுவது? இந்த வட்டாரத்தில் இச்சொல் சலிப்பைக் குறிக்கும் ஒரு மெல்லிய வசவு... மெல்லிய வசவு! சவமே சாப்பிட வாயேண்டி என்பதை ஆங்கிலத்தில் எழுதி அடியில் கையெழுத்துப் போட வேண்டுமா? மேடத்துக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று மல்ஹோத்ரா புருவத்தைத் தூக்குவார், மேடத்தின் ஊர் அல்லவா என்று இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார், பாசம் என்று மூன்றாமவர், அதற்குமேல் பக்கச்சார்பு என்ற சொல் தானாக வந்து உட்காரும். தில்லிக்குப் போன புதிதில் அலுவலகத்தில் பேனா மை கொட்டியபோது ஏட்டி சவமே என்று வாய் தவறிவிட்டது, பக்கத்து மேஜைக்காரி அது உங்கள் ஊர்க் கடவுளா என்று கேட்டாள். அன்றோடு நாக்கை மடித்து உள்ளே வைத்தவள்தான். இப்போது அவள் பேசுகிற தமிழ் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்று எபியின் மகளே சொல்கிறாள்.

சவத்த விடு எப்சி... அப்பா அதைச் சொன்னது எப்போது முதலில்? வேலையில் சேர்ந்த புதிது, வடக்கே ஒரு வானொலி நிலையம், வறட்சியில் மாடுகள் செத்ததைப் பற்றி ஒரு ஒலிச்சித்திரம் தயாரித்திருந்தாள், மாடு செத்ததை ஏன் பண்டிகை நேரத்தில் சொல்ல வேண்டும் என்று நிலைய இயக்குநர் நாடாவையே அழித்துவிட்டார். பூத்திலிருந்து போன் போட்டு அழுதாள். அப்பா அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார், “சவத்த விடு எப்சி, சின்னப் பிள்ள நீ, இதுக்குப் போயி அழுவாளா?” எவ்வளவு ஆறுதலாக இருந்தது, குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. அந்த ஆறுதலில் விழுந்தவள் அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஒரு கலவரச் செய்தியைச் செய்தியறிக்கையின் கடைசிக்குத் தள்ளச் சொன்னார்கள், சவத்த விடு. ஓர் அமைச்சரின் மைத்துனருக்கு அலைவரிசை ஒதுக்கச் சொன்னார்கள், சவத்த விடு. கீழே வேலைபார்த்த ஒரு நேர்மையான ஆளை இடம் மாற்றச் சொன்னார்கள், அவர் மனைவிக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது, சவத்த... தலைவர் ஆன பிறகு இன்னும் சுலபம். பெரிய சேனல்கள் இருக்கின்றன, ராத்திரி ஆனால் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு இன்னாரை வெட்டு, இன்னாரைத் துரத்து என்று நல்ல அகராதிச் சொற்களிலேயே கத்துகிறார்கள், மொழிபெயர்க்கவே வேண்டாம், அவர்களுக்கு அவள் என்ன அனுப்பினாள்? கனிவான அறிவுரை. அந்தக் கடிதத்தில் கனிவான என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லி மேலிருந்து திருத்தி அனுப்பினார்கள், சேர்த்தாள். அதில் ஒரு சேனல் தீபாவளிக்கு அவளுக்கு ஒரு பிரம்புக் கூடை அனுப்பியது, உலர்ந்த அத்திப்பழம், பாதாம், அதையும் தின்றாள். இப்போது நாக்கில் அந்த அத்திப்பழத்தின் விதைகள் நறநறப்பதுபோல் இருந்தது.

“அக்கா...” பக்கவாட்டில் குனிந்து ஒரு குரல். நாற்பது வயது இருக்கும், நெற்றியில் வியர்வை, கழுத்தில் ஒயர்கள். “மைக்கு உள்ள போயிட்டுக்கா, இந்தச் சால்வையெல்லாம் மூடிக்கிட்டு. நீங்களே கொஞ்சம் எடுத்து வெளிய மாட்டிக்கிடுதியளா? நான் கை வைக்கக் கூடாதுல்லா.” அவள் பொன்னாடைகளை ஒவ்வொன்றாக விலக்கி அந்தச் சின்ன மைக்கை மேலே எடுத்து மாட்டினாள். அவன் கையிலிருந்த கேமராவில் ‘பொருநை விஷன்’ என்று எழுதியிருந்தது. இவன்தானா? இவனையா இங்கே வரச் சொல்லியிருக்கிறார்கள்? வேறு யாரை வரச் சொல்வார்கள், இந்த ஊரில் கல்யாணம், கோயில் கொடை, சர்ச்சில் அசன விருந்து, தர்காவில் சந்தனக்கூடு எதுவென்றாலும் படம் பிடித்துச் சாயங்காலம் போடுகிறவன் இவன் ஒருவன்தானே. எபிக்குக் கோப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது, அப்பாத்துரைக்குத் தெரியும், தெரிந்தும் வரவிட்டிருக்கிறார், கடைசியாக ஒரு கூலி வாங்கிக்கொள்ளட்டும் என்றா? “நீங்கள்தான் காஜா முகைதீனா?” என்று கேட்டாள், ரயில் நிலையக் குரலில். அவன் முகம் மலர்ந்துவிட்டது. “ஆமாக்கா! உங்க அப்பா சார்வாள்ட்ட படிச்சவன்தான். கணக்குக்கு அடி வாங்குனதவிட வாய்க்கு வாங்குனதுதான் சாஸ்தி. இந்த வாயி உனக்கு ஒருநாளு சோறு போடும், இல்லன்னா உன்னைய ஜெயில்ல போடும்பாவ.” சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை. அவன் குரலைத் தாழ்த்தினான். “உங்க ஆபீஸ்ல இருந்துதான் ஒரு லெட்டரு வந்திருந்துச்சுக்கா. என்னமோ டெட் பாடின்னு போட்டிருக்கு. நாங்க எங்கக்கா டெட் பாடியக் காட்டுனோம்? எங்க வீட்டம்மா ராவெல்லாம் உக்காந்து பழைய பதிவெல்லாம் ஓட்டிப் பாத்துட்டா, ஒண்ணுமில்ல. வக்கீல் பதில் போட்டாச்சு, ஒண்ணும் ஆவாதுன்னுட்டாரு. நல்ல நாளும் அதுமா உங்ககிட்ட போயி இதப் பேசிக்கிட்டு... சவத்த விடுங்க.” சொல்லிவிட்டு, பைய, ஒயரைக் காலால் ஒதுக்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

சொல்லியிருக்கலாமே, காஜா, நீ தேடுகிற பிணம் உன் வாயில்தான் இருக்கிறது, இப்போதுகூட அதைத் துப்பிவிட்டுப் போகிறாய் என்று. சொல்லவில்லை. ஏன்? மேடை, கூட்டம், முறையல்ல, நடவடிக்கையில் இருக்கிற ஒரு விஷயத்தைப் பற்றித் தலைவர் சம்பந்தப்பட்டவரிடம் பேசக்கூடாது... விதிகள் எப்போதும் சரியான நேரத்துக்கு வந்து கைகொடுக்கின்றன. மடியில் போன் அதிர்ந்தது. மல்ஹோத்ரா. மேடம், இரண்டு மணிக்குள் ஒப்புதல் கிடைத்தால் நல்லது, பத்திரிகைக் குறிப்பு தயார், அமைச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள், தங்கள் பதவி நீட்டிப்புக் கோப்பும் இன்றுதான் மேலே போகிறது, வாழ்த்துகள். என்ன நாசூக்கு! இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, ஒரே செய்தியில் வந்தன, அவ்வளவுதான். திரையில் காஜாவின் உரிமத்தை ரத்து செய்கிற கோப்பு, அடியில் பச்சையாக ஒரு பொத்தான், தொட்டால் முடிந்தது, கையெழுத்துப் போடுகிற சிரமம்கூட இல்லை, அந்தக் காலத்தில் பேனா மூடியைத் திறக்கிற நேரத்திலாவது மனம் ஒரு தடவை புரளும். “அம்மா...” அந்தப் பக்கத்து நாற்காலியிலிருந்து அப்பாத்துரை சாய்ந்தார், ஜவ்வாது வாசனையோடு. “பிரயாணமெல்லாம் சௌரியமா? மட்டன் நம்ம பண்ணையிலருந்துதான், இளங்கெடா. நம்ம எபி தங்கமான பையன், அடுத்த மண்டபத்துல அவனைய பார்ட்னராவே போட்டுரலாம்னு பாக்கேன். அப்புறம்... அந்த விஷயம் இன்னிக்கி முடிஞ்சிரும்லா?” அவருடைய கை நாற்காலிக் கைப்பிடியில் இருந்தது, மோதிரங்கள், நகங்களில் மருதாணி, எந்தப் பேத்தியோ ஆசையாக வைத்துவிட்டிருக்கிறாள். அதைப் பார்த்தபோது ஹெப்சிபாவுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது, கெட்டவனாகவே முழுக்க இருந்து தொலைக்கக் கூடாதா இந்த ஆள்? முடிந்துவிடும் என்று சொன்னாளா, தலையை மட்டும் ஆட்டினாளா, நினைவில்லை. அவர் திருப்தியாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அவளைப் பேச அழைத்தார்கள். பொன்னாடைகளோடு எழுந்து நடந்து, போனைப் பேச்சு மேடையின் சாய்ந்த பலகையில் வைத்துவிட்டு, பெரியோர்களே, தாய்மார்களே என்று ஆரம்பித்தாள். உரையை உதவியாளர் எழுதிக்கொடுத்திருந்தார். பேச்சுரிமை என்பது ஒரு நதி போன்றது, கரைகள் அதற்குத் தடையல்ல, பாதுகாப்பு... சீ, என்ன வாசகம் இது, நதி போன்றதாம், பின்னால் என்ன இறங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியாதா, கரைகளில் ஒன்று அப்பாத்துரை, இன்னொன்று நான். வாய் பாட்டுக்கு வாசித்தது. முன்வரிசையில் எபி கட்டைவிரலைத் தூக்கினான். ஓரத்தில் காஜா ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணைக் கேமராவில் வைத்து, அவளை அக்கறையாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தான், வெளிச்சம் அவள் முகத்தில் சரியாக விழவில்லை போலிருக்கிறது, கையால் யாருக்கோ சைகை காட்டி விளக்கைத் திருப்பச் சொன்னான். நான் நன்றாகத் தெரிய வேண்டுமாம் அவனுக்கு. இந்த ஆளின் பிழைப்பை இன்னும் சற்று நேரத்தில்... போன் அதிர்ந்தது. மரப்பலகையில் டர்ர்ர் என்று பெரிய வண்டு மாதிரிச் சுற்றியது, ஒலிபெருக்கி அதை மண்டபம் முழுக்கப் பரப்பியது. மல்ஹோத்ரா. நிறுத்தினாள். அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள், ஜனநாயகத்தின் நான்காவது தூண்... டர்ர்ர். நிறுத்தினாள். வரியைத் தொலைத்துவிட்டாள், நான்காவது தூண் எங்கே நின்றது? டர்ர்ர்ர். போன் சரிவில் நழுவி அவள் கைமேலேயே வந்து விழுந்தது. “சவம், இதத் தூக்கி ஆத்துல போடணும்!”

யார் சொன்னது? அவள்தான். மெதுவாகத்தான் சொன்னாள், மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தாள், ஆனால் எதிரே ஒரு மைக், கழுத்தில் ஒரு மைக். மண்டபம் முழுக்கக் கேட்டது. பிறகு வெடித்தது சிரிப்பு. விசில். நாற்காலிகள் ஆடின, கண்ணைத் துடைத்த அம்மா இப்போது சிரித்துச் சிரித்துத் துடைத்தாள், குருவானவர் வாயைப் பொத்திக்கொண்டார், கைதட்டல் அடங்கவே இல்லை, காலையிலிருந்து தட்டியதெல்லாம் தட்டலே இல்லை என்பதுபோல் ஒரு தட்டல். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது அப்பாத்துரை. தொடையில் தட்டி, எழுந்து நின்று, கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்து, “கேட்டியளா? டெல்லிக்குப் போனா என்ன, நாக்கு நம்ம நாக்குல்லா! அந்தப் போனு படுத்துத பாட்டுக்கு வேற என்ன சொல்லுவா எம் பிள்ள!” என்றார். ஹெப்சிபா அவரையே பார்த்தாள். நெஞ்சு பதறவில்லையா அண்ணாச்சி? யார் பிணத்தை ஆற்றில் போடச் சொல்கிறாள் என்று கேட்கவில்லையா? அவருக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். அதே சொல், அதே ஆறு, அதே வாக்கியம், இதோ முகம் சிவக்கச் சிரிக்கிறார், தான் என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. காஜாவின் கேமரா அவள் முகத்திலிருந்து மெல்லத் திரும்பி, கூட்டத்தை வாரி, அப்பாத்துரை தொடையில் தட்டுகிறதைப் பிடித்து, அங்கேயே நின்றது. காஜாவும் சிரித்துக்கொண்டுதான் பிடித்தான். தான் என்ன பிடிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. இது சாயங்காலம் ஒளிபரப்பானால் தில்லியில் பதிவாகும், திங்கட்கிழமை மொழிபெயர்த்து மேஜைக்கு வரும், வாரியத் தலைவர் ஒரு பிணத்தை ஆற்றில் போட வேண்டும் என்றார், புகார்தாரர் எழுந்து நின்று சிரித்தார். அதற்குமேல் அந்தக் கோப்பு நிற்குமா? அவளும்தான் நிற்பாளா?

உரை எப்படி முடிந்ததென்று தெரியவில்லை. சாப்பிட அழைத்தார்கள், இளங்கெடா ஆறிவிடுமாம், எபி ஓடிவந்து கலக்கிட்டக்கா என்று தோளைத் தொட்டுவிட்டு அண்ணாச்சி பின்னால் ஓடினான். மேடையில் அவளும் வெல்வெட்டு நாற்காலியும் பொன்னாடைக் குவியலும்தான் மிச்சம். முதலில் என்ன தோன்றியது அவளுக்கு? அதை நினைத்தால்தான் நாற்றம் இன்னும் பக்கத்தில் வந்தது. காஜா பிழைத்தான் என்று தோன்றவில்லை. சிக்கிக்கொண்டாயே எப்சி, அதை யார் பார்ப்பதற்குள் அழிக்கச் சொல்வது என்றுதான் தோன்றியது, நாடாவை அழித்த அந்த இயக்குநரின் முகம்கூட மறந்துபோயிருந்தது, இப்போது தெளிவாக வந்தது, மனிதர் அன்று எவ்வளவு சாதாரணமாக அதைச் செய்தார். போன் பச்சைப் பொத்தானோடு கையில் சுட்டது. காஜா மைக்கை வாங்கிக்கொள்ள வந்தான், தயங்கினான், தலையைச் சொறிந்தான். “அக்கா, அந்த ஒரு இடம்... பெரிய பதவியில இருக்கிய, நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். உங்களுக்குச் சங்கடமா இருந்தா வெட்டிருதேன். சாயங்காலந்தான போடுதோம்.” அவளுக்காக வெட்டுகிறானாம். அவள் கையில் எந்தக் கத்தி இருக்கிறது என்று தெரியாமல் தன் கத்தரியை நீட்டுகிறான், சார்வாள் மகள் என்று. ஏதாவது சொல்லியாக வேண்டும், நின்றுகொண்டிருக்கிறான். “கெடக்கட்டும்” என்றாள். ரயில் நிலையக் குரலில் இல்லை, அம்மாவின் குரலில் வந்தது.

காஜா தலையாட்டினான், மைக்கைச் சுருட்டினான், படி இறங்கப் போனவன் நின்று திரும்பினான். “கெடக்கட்டும்னா... அப்படியே இருக்கட்டும்னாக்கா, இல்ல, வெட்டிப் போட்டா கெடந்துட்டுப் போட்டும்னாக்கா?”

அவள் வாயைத் திறந்தாள். எத்தனை கோப்புகளில் எழுதியிருப்பாள் இந்த ஒரே சொல்லை, நிலுவையில் இருக்கட்டும் என்று, ஆங்கிலத்தில், அழகாக, அடிக்கோடிட்டு, ஒருவர்கூட இப்படித் திரும்பி நின்று எதைச் சொல்கிறாய் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், அவளுக்கே தெரியாது என்பது. போன் மறுபடியும் அதிர்ந்தது. காஜா முகைதீன் பதிலுக்காக, முகத்தில் அதே மரியாதையோடு, நின்றுகொண்டிருந்தான்.